கடைசியாகத் தெரிந்துகொள்பவரின் கட்டணம்

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்த மின்னஞ்சல் வந்தது. டெல்லியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு நேர்முகத் தேர்வு. அடுத்த திங்கள் காலை 9.30 மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். நான் விண்ணப்பித்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. விண்ணப்பத்தைப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது பதினான்கு மாதம். நான் போய்ச் சேர எனக்குக் கொடுத்தது ஆறு நாள்.

கடிதத்தின் கடைசி வரியில் ஒரு சலுகையும் இருந்தது. பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக் கட்டணம் திருப்பித் தரப்படும். சரி, ரயிலைப் பார்ப்போம் என்று பார்த்தேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்கு சென்னையில் கிளம்பி, ஒரு முழுப் பகலும் இரண்டு இரவும் ஓடி டெல்லிக்குப் போகிறது. சனிக்கிழமை ஏறினால் திங்கள் விடியலில் இறங்கலாம். மூன்று மணி நேரம் தாமதமானால் நேர்முகம் கைவிட்டுப் போய்விடும். வெள்ளிக்கிழமை வண்டியில் காத்திருப்போர் பட்டியல் நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. வியாழன் காலை 11 மணிக்குத் தட்கல் திறக்கும். அதிலும் கிடைக்காவிட்டால்? அதற்குள் விமானக் கட்டணம் எங்கே போய் நிற்கும்?

அன்றிரவு விடுதி அறையில் கைப்பேசியில் நான்கு நிறுவனங்களின் கட்டணங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உதவித்தொகை வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு காலை ஆறு மணி விமானம் 7,900 ரூபாய். வேறொரு நிறுவனத்தின் ஞாயிறு இரவு 8.40 விமானம் 6,750. வித்தியாசம் 1,150. 'அண்ணா, ஆயிரத்துச் சொச்சம்ணா மெஸ் பாக்கியில பாதி தீரும். அதுவுமில்லாம காலைல போனா ராத்திரி எங்க தங்குவீங்க?' என்றான் அறைத்தோழன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. டெல்லியில் எனக்கு யாருமில்லை. இரவு விமானத்தையே பதிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னபோது, 'அவ்ளோ காசு குடுத்து வானத்துல போவணுமா? சரி போ, ஜன்னல் ஓரமா உக்காந்துக்கோ' என்றார். ஜன்னல் ஓரத்துக்குத் தனியாக 400 ரூபாய் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு முதல் குறுஞ்செய்தி: விமானம் 10.30க்குக் கிளம்பும். பிறகு 1 மணி என்றார்கள். கடைசியில் கிளம்பியபோது விடியற்காலை 4.15.

அந்த ஏழரை மணி நேரத்தில் என் பக்கத்தில் ஒருவர் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். சிறுசேரிப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை செய்பவர். ஊர் கோரக்பூருக்கு அப்பால். ஆறு வருடமாகச் சென்னையில் இருப்பதால் தமிழ் நன்றாகவே பேசினார். 'அப்பா காலைல போய்ட்டாரு சார்' என்றார். முதன்முறையாக விமானத்தில் ஏறப்போகிறார். டெல்லியில் இறங்கி அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். டிக்கெட்டை மேஸ்திரி தன் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்திருக்கிறார், கூலியில் பிடித்துக்கொள்வார்களாம். எவ்வளவு என்று கேட்டேன். 13,400 என்றார்.

நான் கொடுத்தது 6,750. ஒரே விமானம், ஒரே மாதிரி இருக்கை, ஒரே தாமதம். அன்று அந்த விமானத்தில் மிகக் குறைந்த கூலி வாங்குபவர் அவராகத்தான் இருந்திருப்பார். எனக்குத் தெரிந்தவரை, அதில் அதிகக் கட்டணம் கட்டியவரும் அவரே.

இது தவறுதலாக நடந்ததல்ல. விமான நிறுவனங்கள் இருக்கைகளைப் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மலிவான கட்டு முதலில் விற்றுத் தீரும். பயண நாள் நெருங்க நெருங்க அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு என்று விலை ஏறும். இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்குபவர் வியாபார வேலையாகப் போகிறவர், அவருடைய கம்பெனி பணம் கட்டும், எனவே எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார். நம் ஊரில் கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்குபவர் வேறு யாராகவும் இருக்கலாம். சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலாளி விடுப்பு கொடுப்பதும் கடைசி நாளில்தான். நேர்முகக் கடிதம் வருவதும் அப்படித்தான்.

யாருக்கு முன்கூட்டியே தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். என்னோடு நேர்முகத்துக்கு வந்த ஒருவருக்குத் தேதி ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருடைய நெறியாளருக்கு அந்தத் துறையில் நண்பர்கள் உண்டு. 'பிப்ரவரியில் இருக்கும்போல, தயாராக இரு' என்று ஒரு வார்த்தை காதில் போட்டுவிட்டார்கள். அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. பல்கலைக்கழக வளாகங்களில் செய்தி அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு விலை உண்டு. அவருடைய டிக்கெட் 4,600 ரூபாய். வங்கியின் கடன் அட்டையில் மேலும் கொஞ்சம் தள்ளுபடி. தங்க மாமா வீடு. முதல் தலைமுறையாகப் படித்து வந்தவருக்கு அந்த வார்த்தையைச் சொல்ல யாருமில்லை, அட்டையுமில்லை, மாமா வீடுமில்லை. விமானக் கட்டணம் போடும் கணினிக்கு நம் சாதி தெரியாது. அது கேட்பது மூன்றே கேள்விகள்: எப்போது தெரிந்தது, கையில் என்ன இருக்கிறது, தேதியை மாற்ற முடியுமா? இந்தச் சமூகத்தில் அந்த மூன்றுக்குமான பதில்கள் பெரும்பாலும் சாதிவாரியாகத்தான் பங்கிடப்பட்டிருக்கின்றன.

பாபாசாகேப் தம் சிறுவயதுப் பயணம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1901ஆம் ஆண்டு. கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சிறுவர்கள் ரயிலேறுகிறார்கள். வருகிறோம் என்று எழுதிய கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் மசூர் ரயில் நிலையத்தில் அழைத்துப் போக யாரும் வரவில்லை. மகர் சிறுவர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் எவரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் சம்மதிக்கிறார். இரண்டு மடங்கு கூலி தர வேண்டும், வண்டியையும் சிறுவர்களே ஓட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தீண்டாமையும் இன்றைய விமானக் கட்டணமும் ஒன்றல்ல. அப்படிச் சொன்னால் அந்தச் சிறுவர்கள் இரவெல்லாம் தண்ணீரில்லாமல் பட்ட பாட்டைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் விமான நிலையத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அந்த இரட்டைக் கூலிதான் நினைவுக்கு வந்தது. செய்தி நேரத்துக்குச் சேராத இடத்தில் இருப்பவர்களே இரு மடங்கு கொடுக்கிறார்கள். கொடுத்த பிறகும் வண்டியைத் தாங்களே ஓட்ட வேண்டியிருக்கிறது.

மலிவு விமானம் என்பது சமத்துவத்தின் பெயரால் விற்கப்பட்ட கனவு. 1994இல் அரசின் ஏகபோகம் சட்டப்படி முடிவுக்கு வந்து, கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கலாம் என்றானது. 2003இல் முன்னாள் ராணுவ கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ஒரு ரூபாய் டிக்கெட் விற்றார். எளிய மக்களை விமானத்தில் ஏற்ற வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அவர் கதையைத் தழுவி 2020இல் வந்த 'சூரரைப் போற்று' படத்தில் நாயகன் கறுப்புச் சட்டை போட்டுப் பெரியார் பேசுகிறார். நாமும் கை தட்டினோம். கோபிநாத் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை அந்தக் கறுப்புச் சட்டை மறைத்துவிட்டது. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம். ஒரு ரூபாய் டிக்கெட்டும் முன்கூட்டித் தெரிந்தவருக்கே கிடைத்தது. எல்லா இருக்கையும் ஒரு ரூபாயாக இருந்ததில்லை.

பிறகு என்ன நடந்தது? ஏர் டெக்கான் கிங்ஃபிஷரோடு இணைந்தது. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டது, முன்பதிவு செய்திருந்தவர்களின் பணம் அந்த வழக்கில் சிக்கியது. இன்று உள்நாட்டு விமானப் பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேர் இண்டிகோ, ஏர் இந்தியா ஆகிய இரண்டு குழுமங்களில்தான் பறக்கிறார்கள். திரையில் நான்கைந்து பெயர்கள் தெரிகின்றன. தேர்வு பெரும்பாலும் இரண்டுக்குள்தான்.

2025 டிசம்பரில் இதன் விளைவைப் பார்த்தோம். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் விதிகள் நடைமுறைக்கு வந்த நேரத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களில் கட்டணம் எகிறியது. அப்போது ஒன்றிய அரசு தூரவாரியாக உச்சவரம்பு வைத்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். கொரோனா காலத்திலும் 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை வரம்பு இருந்தது. ஆக, சந்தையில் கை வைக்க முடியாது என்பது உண்மையல்ல. நடுத்தர வர்க்கம் மொத்தமாக விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் கை வைக்க முடிகிறது. ஒரு சென்ட்ரிங் தொழிலாளி தனியாக மாட்டிக்கொள்ளும்போதுதான் முடிவதில்லை.

ரப்பர்ச் செருப்புப் போட்டவரும் விமானத்தில் ஏற வேண்டும் என்று சொல்லித்தான் 2017இல் உடான் திட்டத்தின் முதல் விமானத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். செருப்பு என்ற சொல் எனக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. 2025 ஜூனில் ஒரு பெரிய விமான நிறுவனத்தின் தலித் பயிற்சி விமானி, தன்னைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினார்கள், 'நீ விமானம் ஓட்டத் தகுதியில்லை, செருப்புத் தைக்கப் போ' என்ற பொருளில் பேசினார்கள் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தார். நிறுவனம் மறுத்தது. உண்மையை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனதோடு, வானில் இட ஒதுக்கீடு இருந்த பெரிய கதவு மூடப்பட்டுவிட்டது என்பதற்குத் தீர்ப்பு தேவையில்லை. அலையன்ஸ் ஏர் என்ற சிறு நிறுவனம் மட்டும் அரசிடம் மிச்சமிருக்கிறது. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நாம் விலையை ஒப்பிடும்போது, அதன் விமானிகளில், பொறியாளர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று ஒப்பிட எந்தப் பட்டியலும் நம்மிடம் இல்லை.

சரி, நாளைக்கே பயணம் இருக்கிறது, என்ன செய்வது? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தெரியும் விலையை நம்பாதீர்கள். சில மலிவுக் கட்டணங்களில் செக்-இன் பெட்டிக்கு இடமே கிடையாது. பெட்டி, கன்வீனியன்ஸ் கட்டணம், இருக்கை, விமான நிலையத்துக்குப் போகும் ஆட்டோ எல்லாம் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். மாணவர் கட்டணம் என்று சில நிறுவனங்களில் தனிக் கட்டம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளுபடியும் கூடுதலாக 10 கிலோவும் தருவார்கள், கல்லூரி அடையாள அட்டை வேண்டும். டெல்லியில் குறைந்த விலைக்கு அம்பேத்கர் தொகுதிகள் வாங்கித் திரும்புகிறவர்களுக்கு அந்த 10 கிலோ பெரிய உதவி. இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டிய கட்டாயமில்லை. கவுன்டரில் போர்டிங் பாஸ் தரத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அமைச்சகம் 2022லேயே சொல்லிவிட்டது.

அடுத்தது, நிறுவனத்தைவிட நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மலிவு விமானத்தின் லாபமே ஒரு விமானத்தை நாள் முழுக்க இறக்கி ஏற்றிப் பறக்கவிடுவதில் இருக்கிறது. காலையில் ஓரிடத்தில் நேர்ந்த அரை மணித் தாமதம் சேர்ந்து சேர்ந்து இரவு விமானத்தின் தலையில் விழும். தவறவிடக் கூடாத வேலைக்குப் போகும்போது முதல் விமானம்தான் சரி. நான் மிச்சம் பிடித்த 1,150 ரூபாயின் உண்மையான விலை அதுதான். அதே தடத்தில் அன்றைக்கு அந்த நிறுவனத்துக்கு இன்னும் எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்றும் பாருங்கள். ஒன்று ரத்தானால் அடுத்ததில் ஏற்றுவார்கள். இப்படிப் பார்த்தால் எப்போதும் பெரிய நிறுவனத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அது அதன் ஆதிக்கத்தை இன்னும் கூட்டும் என்பதும் தெரியும். அதைத் தனிமனிதர் ஒருவர் டிக்கெட் எடுக்கும் இடத்தில் தீர்க்க முடியாது.

மூன்றாவது, விதிகளைக் கையில் வைத்திருங்கள். சென்னை–டெல்லி போன்ற தடத்தில் மூன்று மணி நேரம் தாமதமானால் உணவு தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ, முடிவு உங்களுடையது. இரவு 8 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க அறை தர வேண்டும். நீங்களே ரத்து செய்தாலும், எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும், வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அன்றிரவு இதெல்லாம் எனக்குத் தெரியாது. சூட்கேஸோடு நின்ற ஒருவர் ஆங்கிலத்தில் விதியின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் அவருக்கு உணவுக் கூப்பன் வந்தது. பிறகுதான் நானும் எழுந்து போய் இரண்டு வாங்கிவந்தேன். ஒன்று எனக்கு, ஒன்று கோரக்பூர்க்காரருக்கு. எல்லோருக்கும் உரியதைக் கேட்டவருக்கு மட்டும் கொடுத்தார்கள்.

இவை தனியாள் தந்திரங்கள். தந்திரங்களால் 1,000 ரூபாய் மிச்சமாகும், நியாயம் கிடைக்காது. நாம் கேட்க வேண்டியவை வேறு.

நேர்முகத் தேர்வுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்குக் குறைவாக அவகாசம் கொடுத்தால் உண்மையான பயணச் செலவை நிறுவனம் தர வேண்டும், அல்லது இணையவழி நேர்முகத்துக்கு வழி செய்ய வேண்டும். ஆறு நாளில் 2,000 கிலோமீட்டர் வரச்சொல்லிவிட்டு ஸ்லீப்பர் கட்டணம் தருவது சலுகையல்ல. பெற்றோர், துணை, பிள்ளைகளின் சாவுக்குப் போகிறவர்களுக்கு எல்லாத் தடத்திலும் உச்சவரம்பு வேண்டும். இறப்புச் சான்றைப் பிறகு காட்டிக்கொள்ளலாம். டிசம்பரில் முடிந்தது தினமும் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரயிலில் ஸ்லீப்பர், பொதுப் பெட்டிகளைக் கூட்ட வேண்டும். 2016இல் ராஜதானி, சதாப்தி வண்டிகளில் ஏறும் கட்டணம் வந்தபோதே விமானத்தின் விலைக் கணக்கு ரயிலுக்குள் நுழைந்துவிட்டது. நம்பி ஏற ரயில் இருந்தால்தான் விமானத்தில் போவது தேர்வு. இல்லாவிட்டால் அது வேறு வழியில்லாமல் கட்டும் அபராதம்.

காலை ஏழு மணிக்கு டெல்லியில் இறங்கினோம். அவரை ரயில் நிலையத்துக்குப் போகும் மெட்ரோவில் ஏற்றிவிட்டேன். தகனம் முடிந்திருக்கும், பரவாயில்லை, அம்மா இருக்கிறாள் என்றார். நான் துறைக் கழிவறையில் முகம் கழுவி, கசங்கிய சட்டையோடு உள்ளே போனேன். பதினோரு நிமிடம். மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. 'தகுதியானவர் எவருமில்லை.' ஒதுக்கப்பட்ட இடங்களில் நம்மவர் பலர் வாசித்த அதே வரி. தூங்காமல் போனதால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். தூங்கிவிட்டுப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ஸ்லீப்பர் கட்டணம் ஐந்தாவது மாதம் வந்தது.

இப்போது எங்கள் விடுதியில் பதினோரு பேர் சேர்ந்து மாதம் 300 ரூபாய் போட்டு வருகிறோம். நேர்முகத்துக்குப் போகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, முடிந்தபோது திருப்பிப் போடலாம். எந்தப் பல்கலைக்கழகத்தில் எப்போது நேர்முகம் வரக்கூடும் என்று காதில் விழுகிற செய்தியையும் அங்கே பகிர்ந்துகொள்கிறோம். சென்ற மாதம் தம்பி ஒருவனுக்கு ஹைதராபாத்திலிருந்து கடிதம் வந்தது. ஐந்து நாள் அவகாசம். முந்தைய நாள் முதல் விமானத்தை எடுத்துக் கொடுத்தோம். அவனும் மலிவான இரவு விமானத்தைத்தான் முதலில் காட்டினான்.